சேகர குருவின் ஓய்வுநாள்: ஒரு கிராமப்புறச் சபையில் நடந்தது

தென் தமிழ்நாட்டின் கிராமப்புறச் சேகரம் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) ஒன்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்தச் சேகரக் கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினன். குருவானவர், அவருடைய மனைவி, உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) மூவரும் இதை எழுதச் சம்மதித்தார்கள். ஊர்ப்பெயர்களையும் ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டுவிட்டேன். ஊழியக்காரர்களின் உடல்நலம் பற்றி நம் சபைகளில் இரங்கற்கூட்டத்தில்தான் பேசுகிறோம். உயிரோடு இருக்கும்போதே பேசவேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

பின்னணி

தலைமைச் சபையும் ஆறு கிளைச் சபைகளும் சேர்ந்தது அந்தச் சேகரம். பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட, முதியவர்கள் மிகுந்துவிட்ட ஊர்கள். அதனால் நோயாளிகளைச் சந்திப்பதும் அடக்க ஆராதனைகளும் அதிகம். சபைச் சம்பளத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: குருவானவர், உபதேசியார், மணியடித்து ஆலயத்தைப் பராமரிக்கும் பெரியவர்.

குருவானவர் அங்கே மாற்றலாகி வந்தபோது அவருக்கு 46 வயது. சர்க்கரை நோய் ஏற்கெனவே இருந்தது. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தைக் குருப்பட்டம் பெற்றவர்தான் நடத்தமுடியும் என்பதால் ஞாயிறன்று காலை 6 மணிக்கு ஒரு கிளைச் சபை, 8.30-க்குத் தலைமைச் சபை, 11 மணிக்கு இன்னொரு கிளைச் சபை என்று போய்க்கொண்டிருந்தார். திருவிருந்து முடியும்வரை எதுவும் உண்ணாமல் இருப்பது அவர் தந்தையிடமிருந்து கற்ற வழக்கம். மூன்று ஆராதனைகளையும் முடித்துவிட்டு அவர் சாப்பிட உட்காரும்போது மணி ஒன்றரை ஆகிவிடும். மாலையில் வாலிபர் கூடுகை இருக்கும். செவ்வாய் பெண்கள் ஐக்கிய சங்கம், புதன் வீட்டு ஜெபம், வெள்ளி உபவாசக் கூடுகை, மாதம் இருமுறை இரவு முழு ஜெபம் என்று வாரம் ஓடும். சபையின் உதவிபெறும் தொடக்கப் பள்ளிக்கும் அவரே தாளாளர். சம்பளப் பட்டியலுக்கும் ஆய்வுக்கும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் அலைவது தனி வேலை.

அவருடைய மனைவி வேறோர் ஊரில் ஆசிரியை. காலை ஏழேகால் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் சமையலை முடித்துவிடவேண்டும். குருவானவர் குடியிருக்கும் குருமனைக்கு வருகிறவர்களுக்குக் காபியும் சாப்பாடும் அவர் பொறுப்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

கவனித்தவை

முதல் ஆண்டின் இறுதியில் சில மாற்றங்கள் கண்ணில் பட்டன. நோயாளிகளின் வீட்டில் நெடுநேரம் உட்கார்ந்து பேசுகிறவர், ஜெபித்த கையோடு எழுந்துவிடத் தொடங்கினார். பிரசங்கங்கள் பழையவற்றின் துண்டுகளாயின. கமிட்டியில் சுண்ணாம்பு அடிக்கும் கணக்கைக் கேட்ட ஒருவரிடம் குரலை உயர்த்தினார். மறுநாள் அந்த வீட்டுக்கே போய் மன்னிப்பும் கேட்டார். கைப்பேசி ஒலித்தால் முகம் சுருங்கும். எடுத்துப் பேசும்போது குரலில் மட்டும் பழைய கனிவு இருக்கும்.

பின்னர் ஒருநாள் அவரே சொன்னார்: பிறருக்காக ஒரு நாளில் பத்து இடங்களில் ஜெபித்தாலும், எனக்கென்று முழங்கால் போட்டு வெகுநாளாகிவிட்டது, போட்டால் தூங்கிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாடு, வேலையால் வரும் இத்தகைய சோர்வுக்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, செய்வதில் பயனில்லை என்ற உணர்வு. மூன்றும் அவரிடம் இருந்தன. ஆனால் நாங்கள் அதை ஆவிக்குரிய குறைவு என்று எண்ணினோம். அவரும் அப்படியே எண்ணி, அதைச் சரிசெய்ய இன்னோர் உபவாசக் கூடுகையைத் தொடங்கினார்.

முதல் முயற்சி

அவருடைய மனைவி கமிட்டிச் செயலரிடம் பேசியபின், திங்கட்கிழமை குருவானவருக்கு ஓய்வு என்று தீர்மானம் போட்டோம். ஆராதனையில் அறிவிப்பும் கொடுத்தோம். இரண்டு மாதங்கூட அது நிலைக்கவில்லை.

அதற்கான காரணங்கள் மிகச் சாதாரணமானவை. பள்ளி அலுவல் குவிவது திங்கட்கிழமைதான். அன்று ஒரு சாவு நேர்ந்தால் அடக்கம் செய்ய வேறு ஆள் இல்லை. ஓய்வெடுக்கிற இடம் குருமனை; அதன் வாசல் ஆலய வளாகத்தில் இருந்தது. “ஐயா, ஓய்வுநாள் என்று தெரியும், ஒரே ஒரு கையெழுத்து” என்று வருகிறவரை அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை. நாங்கள் அவரிடமிருந்து ஒரு வேலையையும் எடுக்காமல் ஒரு நாளை மட்டும் கொடுத்தோம். ஏழு நாள் வேலையை ஆறு நாளில் செய் என்று சொன்னதற்கு ஒப்பாகிவிட்டது அது.

லெந்து காலம்

அந்த ஆண்டு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் ஒவ்வொரு சபையிலும் மாலைக் கூட்டங்கள் இருந்தன. நாற்பது நாளும் காலையுணவைத் தவிர்ப்பதாகக் குருவானவர் பொருத்தனை (நேர்ச்சை) செய்திருந்தார். மாத்திரையை மட்டும் வழக்கமான நேரத்துக்கே போட்டுக்கொண்டார்.

பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 முதல் 3 மணிவரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை. நான்காம் வார்த்தையில் அவருடைய பேச்சு குழறியது, கண்கள் நனைந்திருந்தன. ஆண்டவரின் பாடுகளை நினைத்து ஐயா உருகிப் பேசுகிறார் என்று சபையார் நினைத்தார்கள். சிலர் தாங்களும் அழுதார்கள். பெண்கள் பக்கத்தில் இருந்த, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்தான் அவர் கை நடுங்குவதையும் சட்டை வியர்வையில் நனைந்திருப்பதையும் கவனித்து எழுந்து போனார். பீடத்தருகிலேயே உட்காரவைத்து, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபிறகும் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருந்தது.

மருத்துவர் தெளிவாக விளக்கினார். கணையத்தைத் தூண்டிச் சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகள், ஒருவர் வேளைக்கு உண்பார் என்ற கணக்கில் கொடுக்கப்படுபவை. அவற்றைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் மயக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையிலோ சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. பகலெல்லாம் பட்டினி, இரவு பத்து மணிக்குமேல் பேருணவு, நான்கு மணி நேர உறக்கம் என்பதன் விளைவு அது. உயிர்ப்பு ஞாயிறு ஆராதனைகளைப் பக்கத்துச் சேகர குரு வந்து நடத்தினார்.

கமிட்டியில் நடந்த விவாதம்

அடுத்த வாரம் கூடிய கமிட்டியில் மாற்றுக் கருத்துகள் கடுமையாகவே வந்தன. அவற்றை அன்பில்லாதவர்களின் பேச்சு என்று தள்ள முடியாது. பெரியவர் ஒருவர், “மரணம் கிழமை பார்த்தா வருகிறது?” என்று கேட்டார். அவர் தம் மனைவியை இழந்த இரவில் முந்தைய குருவானவர் விடியும்வரை கூட இருந்தார். அந்த இரவு இல்லாவிட்டால் தன் விசுவாசம் நிலைத்திருக்காது என்றார். இன்னொருவர், ஆசாரியர்கள் ஓய்வுநாளிலும் தேவாலயத்தில் வேலைசெய்து குற்றமற்றிருந்தார்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் என்று மத்தேயு 12-ஐக் காட்டினார்.

அதற்குப் பதில் சொன்னவர் எங்கள் ஞாயிறு பள்ளியின் மூத்த ஆசிரியை. அவர் சொன்னதுதான் கூட்டத்தின் போக்கை மாற்றியது. ஓய்வுநாளில் வேலைசெய்த அந்த ஆசாரியர்கள் எல்லோரும் எல்லா வாரமும் வேலைசெய்யவில்லை. 1 நாளாகமம் 24-ஆம் அதிகாரத்தில் அவர்கள் 24 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு வகுப்பு ஓய்வுநாளில் முறைக்கு வரும்போது இன்னொரு வகுப்பு முறை முடிந்து போகும். யோவான்ஸ்நானனின் தகப்பன் சகரியா அபியா வகுப்பைச் சேர்ந்தவன். ஊழியத்தின் நாட்கள் நிறைவேறினவுடனே தன் வீட்டுக்குப் போனான் என்று லூக்கா எழுதுகிறார். “தேவதூதனைப் பார்த்து வாய் பேசமுடியாமல் போனவனும் முறை முடிந்ததும் வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். நம் ஐயாவுக்கு முறை முடிகிற நாள் எது?” என்று கேட்டார். யாரும் உடனே பேசவில்லை.

தீர்க்கதரிசி எலியாவின் கதையும் வந்தது. சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்தவனைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான். மாமனார் எத்திரோ மோசேயிடம், நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொன்னதையும் ஒருவர் வாசித்தார். தலைவன் களைத்தால் ஜனங்களும் களைப்பார்கள் என்பது அதில் அடங்கியிருக்கிறது. குழறலை உருக்கம் என்று எடுத்துக்கொண்டு அழுத ஒரு சபைக்கு அதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டிய தேவை இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இந்த முறை நாளைக் குறிப்பதற்கு முன் வேலையைக் குறைத்தோம். ஞாயிற்றுக்கிழமை குருவானவர் நடத்தும் ஆராதனைகள் இரண்டுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு கிளைச் சபைக்கும் மாதம் ஒரு திருவிருந்து. அதற்குத் தேதி முன்னதாகவே குறிக்கப்படும். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரோ சபையாரில் பயிற்சி பெற்றவர்களோ ஆராதனை நடத்துவார்கள். இரண்டு இரவு முழு ஜெபங்களும் ஒன்றாகி, இரவு பத்து மணிக்கு முடியும். பள்ளிக் கோப்புகளை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தயார்செய்வார். தாளாளர் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும்.

ஓய்வுநாள் செவ்வாய்க்கு மாறியது, பள்ளி அலுவலோடு மோதாமல் இருக்க. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் தாங்களாகவே முன்வந்து தங்கள் கூட்டத்தை வியாழனுக்கு மாற்றிக்கொண்டார்கள். பக்கத்துச் சேகர குருவோடு ஓர் ஏற்பாடு: செவ்வாயன்று எங்கள் சேகரத்தில் நேரும் மரணத்தையும் அவசரத்தையும் அவர் பார்ப்பார்; அவருடைய ஓய்வுநாளில் எங்கள் குரு அங்கே போவார். அன்று சேகரத்தின் கைப்பேசி கமிட்டியாரில் ஒருவரிடம் முறைவைத்து இருக்கும். முடிந்தவரை அன்று குருவானவர் குருமனையில் தங்கக்கூடாது என்றும் எழுதினோம். மேலிடத்தின் அனுமதி தேவைப்பட்டவற்றுக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்றோம்.

சாப்பாடு பற்றியும் ஒரு வரி தீர்மானத்தில் ஏறியது: இரண்டு ஆராதனைகளுக்கு நடுவே அரைமணி நேரம் காலை உணவுக்கு. திருவிருந்துக்கு முன் உண்ணாதிருக்கும் வழக்கத்தை விட அவர் மிகவும் தயங்கினார். அது தந்தையின் நினைவோடு கலந்தது. மருத்துவர் சொன்னதைவிட, தந்தையின் நண்பரான வயதான குரு ஒருவர் வந்து, “உங்கள் அப்பா மாத்திரை சாப்பிடவில்லை, தம்பி” என்று சொன்னதுதான் அவரை இணங்கவைத்தது.

உபதேசியாரின் ஞாயிறுகள்

ஆறு மாதத்தில் குருவானவரிடம் நல்ல மாற்றம் தெரிந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தில், ஆண்டு இறுதித் தணிக்கைக்காக ஆராதனைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த குருவானவர், கிளைச் சபைப் பதிவேடுகளில் ஒரே கையெழுத்து திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். பயிற்சி பெற்றவர்கள் தொடக்கத்தில் ஆர்வமாக வந்தார்கள். பிறகு திருமணம், வெளியூர், காய்ச்சல் என்று ஒவ்வொருவராக விலக, விட்ட இடத்தையெல்லாம் உபதேசியார் நிரப்பியிருந்தார். 57 வயதுக்காரர். ஞாயிறு மூன்று ஆராதனைகள் நடத்திவிட்டு, செவ்வாய் அழைப்புகளுக்கும் முதலில் ஓடியவர் அவரே. குருவானவரின் பழைய வாரம் அப்படியே அவர் தோளுக்கு மாறியிருந்தது. அவர் யாரிடமும் முறையிடவில்லை. சபையில் மிகக் குறைந்த சம்பளக்காரர்களில் ஒருவர் முறையிடுவதை யார் கேட்டுப் பழகியிருக்கிறார்கள்?

இந்த ஆய்வின் மையம் இதுதான் என்று நான் கருதுகிறேன். ஓய்வுநாள் கட்டளையை நாம் தனிமனிதப் பக்தியாக வாசித்துப் பழகிவிட்டோம். உபாகமம் 5:14 வீட்டுத் தலைவனைப் பார்த்துப் பேசுகிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன் என்று வரிசையாகச் சொல்லி, ‘உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறும்படி’ என்று காரணத்தையும் சொல்கிறது. மேலே இருப்பவன் ஓய்வெடுக்க, அவன் வேலை கீழே இருப்பவனுக்கு இறங்குமானால் கட்டளை நிறைவேறவில்லை.

நம் திருச்சபை வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. மதுரையில் 1834-இல் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்தபின் 1845-இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டியது. கோடையை அங்கே கழித்தவர்கள் மிஷனரிகளும் அவர்கள் குடும்பத்தாரும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகளைப் புதைத்துவிட்டு மலையேறியவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் கோடைகளில் சமவெளிச் சபைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் உள்ளூர் உபதேசியார்கள். அவர்களுக்கு அப்படியொரு மலை இருக்கவில்லை.

திருத்தம்

குருவானவரே இதைக் கமிட்டிக்குக் கொண்டுவந்தார். உபதேசியாருக்கு ஓய்வு கிடைக்கும்வரை தன் செவ்வாயை எடுத்துக்கொள்ளமாட்டேன் என்றார். ஆசாரியருக்கு உதவிய கோத்திரத்தாரான லேவியர் ஐம்பது வயதுக்குமேல் வேலைப்பாரத்தை விட்டு, சகோதரருக்கு உதவியாய் மட்டும் இருந்தார்கள் என்ற எண்ணாகமம் 8-ஆம் அதிகாரப் பகுதியையும் வாசித்தார்.

விருப்பத்தின்பேரில் வந்த ஊழியம் இப்போது பட்டியலுக்கு வந்தது. ஆராதனை நடத்துகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு முறை குறித்து, வரமுடியாதவர் தாமே மாற்று ஆளைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று விதித்தோம். பெட்ரோல் செலவைச் சேகர நிதியிலிருந்து கொடுத்தோம்; பணமில்லாததால் வராமல் இருந்தவர்களும் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. உபதேசியாருக்குத் திங்கள் ஓய்வு. அதோடு மாதத்தில் ஒரு ஞாயிறு அவருக்குப் பொறுப்பே கிடையாது. மனைவியோடு உட்கார்ந்து ஆராதிக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் மனைவிக்குப் பக்கத்தில் நின்று கீர்த்தனை பாடியதாக அவர் சொன்னார்.

அப்படியும் ஆள் போதவில்லை. அடுத்தடுத்த இரண்டு கிளைச் சபைகள் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு சேர்ந்து ஆராதிப்பது என்று முடிவானது. தங்கள் பாட்டனார் கல் சுமந்து கட்டிய ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமை மணி ஒலிக்கவில்லையே என்று ஓர் ஊரார் வருந்தினார்கள். அந்த வருத்தம் இன்றும் முழுதும் தீரவில்லை.

விளைவு

ஒன்பது மாதங்களில் குருவானவரின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி மருத்துவர் திருப்தியடையும் நிலைக்கு வந்தது. மாத்திரை மாற்றத்துக்கும் அதில் பங்குண்டு. பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்ய அவருக்கு நேரம் கிடைத்தது; கேட்கிறவர்களுக்கும் அது தெரிந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவரும், விடுப்புக் கிடைக்கிற நாளில் மனைவியும், அணைக்கரையிலோ தங்கை வீட்டிலோ இருப்பார்கள்.

இழப்புகளும் உண்டு. இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. அதைவிட எங்களைப் பாதித்தது ஓர் அடக்கம். வெகுகாலம் படுக்கையில் இருந்த தாயார் ஒருவர் செவ்வாயன்று மரித்தார். ஏற்பாட்டின்படி பக்கத்துச் சேகர குரு வந்து நடத்தினார். குறை ஒன்றும் இல்லை. ஆனால் மகன் சொன்னார்: “எங்கள் அம்மாவின் பெயரை அவர் தாளைப் பார்த்து வாசித்தார்.” மாதந்தோறும் அந்தத் தாயாரின் கட்டிலருகில் உட்கார்ந்து திருவிருந்து கொடுத்தவர் எங்கள் குரு. இது ஏற்பாட்டின் குறை என்று ஒத்துக்கொண்டு விதியை மாற்றினோம். நெடுநாள் நோயாளிகளாகக் குருவானவர் தொடர்ந்து பார்த்துவருகிறவர்களின் வீட்டார் அவரை எந்த நாளிலும் நேரடியாக அழைக்கலாம். அப்படிப் போன வாரத்தில் வேறொரு நாள் அவருக்கு ஓய்வு. அதைக் கமிட்டிச் செயலர் பார்த்துக்கொள்ளவேண்டும். முன்பு ‘மரணம் கிழமை பார்த்தா வருகிறது?’ என்று கேட்ட பெரியவரே இந்த வாசகத்தை எழுதிக்கொடுத்தார்.

பின்னர் குருவானவர் வேறு சேகரத்துக்கு மாற்றலானார். ஆராதனை முறைப்பட்டியலும் உபதேசியாரின் ஓய்வும் கமிட்டித் தீர்மானங்களாக இருந்ததால் தொடர்கின்றன. புதிய குருவானவர் இளைஞர். தனக்கு இப்போது ஓய்வுநாள் தேவையில்லை என்கிறார். அது அவருடைய விருப்பத்துக்கு விடப்படவேண்டிய விஷயமா என்பதில் கமிட்டிக்குள் இரு கருத்து இருக்கிறது. விடக்கூடாது என்பது என் கருத்து.

மறுபடியும் செய்வதானால்

முதலில் ஆராதனைப் பதிவேடுகளையும் கூட்டங்களின் பட்டியலையும் வைத்து, சபையில் யார் எத்தனை மணி நேரம் வேலைசெய்கிறார்கள் என்று எழுதிப் பார்க்கவேண்டும். ஓய்வை மிகக் குறைந்த சம்பளக்காரரிடமிருந்து தொடங்கவேண்டும். மணியடிக்கும் பெரியவரை நாங்கள் கடைசியில்தான் நினைத்தோம். இப்போது சனிக்கிழமை அவருடைய சாவியை இரண்டு வாலிபர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

நாளைக் கொடுக்குமுன் வேலையைக் குறைக்கவேண்டும். புதிய கூட்டம் ஒன்று தொடங்கினால் பழைய ஒன்றை நிறுத்தவேண்டும் என்ற விதி அந்தச் சேகரத்தில் இப்போது இருக்கிறது. வேறு எந்தச் சீர்திருத்தத்தையும்விட அதற்கு எதிர்ப்பு அதிகமாக வந்தது.

குருவானவரின் மனைவியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாற்றலாகும் முன் நன்றிக் கூட்டத்தில் பேசச் சொன்னபோது, குருமனைக்கு வருகிற விருந்தினருக்கு ஓய்வுநாளிலாவது வேறு வீட்டில் சாப்பாடு ஏற்பாடு செய்யுங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த கமிட்டியில் அது தீர்மானமாயிற்று. விருந்தினர் சாப்பாட்டைப் பெண்கள் ஐக்கிய சங்கம் ஏற்பதா, சேகர நிதியிலிருந்து கடையில் வாங்குவதா என்று பேச்சு வந்தது. சங்கத்துப் பெண்களின் வாரத்தையும் எண்ணிப் பார்த்தபின், கடையில் வாங்குவது என்று முடிவுசெய்தோம்.